நாலரை நட்சத்திரம்

ஷார்ஜா
பிப்ரவரி 4

அன்புள்ள ரெஹ்னு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் பாதியில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வந்த நாளிலிருந்து சோறு என்ற பெயரில் எதையோ தின்கிறேன். சூய்ஜால் தண்டின் காரம் ஏறிய மாட்டுக்கறிக்கு நாக்கு ஏங்குகிறது. தௌலத்பூர் பக்கம் போனால் அம்மாவை எட்டிப் பார். மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேள். என்னிடம் பொய் சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தை மூடியபோது நம் இருவரையும் ஒன்றாகத்தானே வெளியே அனுப்பினார்கள்? எனக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. ‘சொடிக்’ என்று ஓர் இணையதளம். கிரிக்கெட் பந்தயச் செயலிகளை ஆராய்ந்து, எது நம்பத் தகுந்தது, எது ஏமாற்று என்று மக்களுக்குச் சொல்கிறோம். வங்க மொழிப் பகுதிக்கு நான்தான் ஆசிரியர். உண்மையான விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் சொந்தமாகச் சோதித்து எழுத வேண்டும் என்கிறார்கள். குல்னாவில் உன் பெயரைக் கேட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நீ எழுது. இப்படி எழுது, அப்படி எழுது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

நம் ஊர்ப் பையன்கள் எப்படியும் விளையாடத்தான் போகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு விளக்காவது காட்டலாமே.

உன்
தௌஹீத்


குல்னா
பிப்ரவரி 11

அன்புள்ள தௌஹீத் பாய்,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் அம்மாவைப் பார்த்தேன். மாத்திரையை அலமாரிக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். என் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்க வைத்துவிட்டு வந்தேன். “நீயும் அவன மாதிரியே உசுர வாங்குறடி” என்று திட்டினார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. நம் நாட்டில் பந்தயமே சட்டப்படி குற்றம். அதற்கு நட்சத்திரம் போடுவதா? ஆனால் நேற்று மாலை எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் நின்றேன். டிவியில் மேட்ச். நின்றவர்களில் ஒருவர்கூட டிவியைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் கைப்பேசியில். ஒரு ரிக்‌ஷாக்காரர் கத்துகிறார்: “டேய், அடுத்த பால் வைடு போடு! வைடு போடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்!” நம் பந்து வீச்சாளர் வைடு போட வேண்டும் என்று நம் ஊரிலேயே ஒருவர் வேண்டிக்கொள்கிறார், பாய். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். நானே சோதிப்பேன். என் முழுப் பெயரோடு, என் படத்தோடு வரட்டும். ஆனால் ஒரு வார்த்தையை மாற்றினாலும் என்னிடம் கேட்க வேண்டும். இதற்குச் சம்மதமா?

அன்புடன்
ரெஹ்னு


குல்னா
மார்ச் 3

அன்புள்ள தௌஹீத் பாய்,

உங்கள் ‘சம்மதம், சம்மதம், சம்மதம்’ கிடைத்தது. முதல் மதிப்புரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். ‘சோக்காராஜ்’ செயலியைத்தான் எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லோர் கையிலும் அதுதான் இருக்கிறது.

உள்ளே போவது மிக எளிது. ரீசார்ஜ் கடையில் ஓர் ஆள், அவர் எண்ணுக்குப் பணம் அனுப்பினால் போதும், நிமிடத்தில் கணக்கில் ஏறிவிடுகிறது. முதல் வாரம் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். பதினைந்து வருடம் ஆட்டம் பார்த்த கண் என்று கர்வம் வேறு. பிறகு பணத்தை எடுக்கப் போனேன். உதவிக்கு ஜூலி என்று ஒரு பெண் வந்தாள். எழுத்தில்தான். பெண்ணா, பொம்மையா, தெரியாது.

“மேடம், ஜெயிச்ச பணத்த இன்னும் பத்து மடங்கு விளையாடிட்டுத்தான் எடுக்க முடியும்.”

“நான் ஜெயிச்சாச்சும்மா. போதும். குடு.”

“வாழ்த்துகள் மேடம்! நீங்க அதிர்ஷ்டசாலி! இன்னும் விளையாடுங்க!”

எத்தனை முறை கேட்டாலும் வாழ்த்துதான். கடைசியில் என் அடையாள அட்டைப் படம் தெளிவாக இல்லை என்றாள். மறுபடி அனுப்பினேன். கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கணக்கை முடக்கும் முன் ஒரு நாள் தேசிய லீக் ஆட்டத்துக்கு ஸ்டேடியம் போயிருந்தேன். கேலரியில் என் பக்கத்தில் ஓர் ஆள், காதில் ஒயர், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு: “டாட்டு... டாட்டு... ஒண்ணு... நாலு...”

“யார்கிட்ட பேசுறீங்க, பாய்?” என்றேன்.

“வீட்டுக்காரிகிட்ட. அவளுக்குக் கிரிக்கெட்னா உசுரு.”

“பந்துக்குப் பந்தா?”

“வீட்ல டிவி ரிப்பேர், அபா.” என்னை அக்கா என்று உறவு வேறு.

என் கையில் செயலி இருந்தது. மைதானத்தில் விக்கெட் விழுந்தது. இந்த ஆள் ‘அவுட்டு’ என்று முணுமுணுத்த மறுகணம் செயலியில் விக்கெட் விழும் என்று கட்டுகிற பந்தயம் மட்டும் மூடிக்கொண்டது. சில நொடி தாமதமாக வரும் நேரலையில் பார்க்கிறவனுக்கு அந்தப் பந்து இன்னும் வீசப்படவே இல்லை. அதாவது, நடந்து முடிந்த பந்தின் மேல் மக்கள் பணம் கட்டுகிறார்கள், அது நடந்துவிட்டது என்று செயலிக்காரனுக்குத் தெரியும். இதற்கு விளையாட்டு என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ‘இதைத் தொடாதீர்கள்’ என்பதுதான் என் மதிப்பீடு. அப்படியே போடுங்கள்.

அன்புடன்
ரெஹ்னு

பி.கு.: அம்மாவுக்கு நடை இப்போது பரவாயில்லை. நீங்கள் ஈதுக்கு வருவீர்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.


ஷார்ஜா
மார்ச் 9

அன்புள்ள ரெஹ்னு,

அருமை! அந்த ‘டிவி ரிப்பேர்’ இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் எழுத்து மங்கவே இல்லை. கொஞ்சம் மெருகேற்றிப் போட்டுவிட்டோம். ஊதியம் இந்த வாரமே வரும். அடுத்த செயலியைத் தொடங்கிவிடு.

ஈதுக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் உறுதியாகச் சொல்லாதே.

உன்
தௌஹீத்


குல்னா
மார்ச் 22

தௌஹீத் பாய்,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை.

லிபிகா பிஸ்வாஸ் நினைவிருக்கிறதா? சாத்கீராவில் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தருகிறவள். நேற்று என் வீட்டுக்கு வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை, பாய். பெருமையாக வந்தாள். கைப்பேசியை என் முன் நீட்டினாள்.

“அபா, ஜெயிச்சிட்டேன்! பாருங்க, எவ்வளவு காட்டுதுன்னு! புள்ளைங்க ராஜ்ஷாஹி டோர்னமென்ட் போக வசூல் பண்ணின பணத்துல பஸ்ஸுக்கும் தங்குறதுக்கும் கொஞ்சம் குறைஞ்சுது. அதான் மொத்தத்தையும் இதுல போட்டேன். ரெண்டு மடங்கு ஆயிருக்கு. எப்ப அபா கைக்கு வரும்?”

“லிபிகா, இதுல போடாதேன்னுதானே எழுதியிருக்கேன்?”

“என்ன அபா, விளையாடுறீங்களா? நீங்க எழுதினதப் பாத்துத்தானே போட்டேன்! ஒரே நாள்ல பணம் வந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்களே.”

காட்டினாள். உங்களை நம்பி நான் இதுவரை திறந்தே பார்க்காத பக்கம். என் பெயர், என் படம். பக்கத்தில் நாலரை நட்சத்திரம். ‘விளையாட்டுப் பத்திரிகையாளர் ரெஹ்னுமா தாலுக்தாரின் சுயேச்சையான மதிப்புரை.’ கணக்கை முடக்கினார்கள் என்று நான் எழுதியது ‘பாதுகாப்பில் மிகுந்த கண்டிப்பு’ ஆகியிருக்கிறது. கேலரியில் முணுமுணுத்த ஆள் ‘மின்னல் வேகத் தகவல்’ ஆகியிருக்கிறான். எந்தப் புத்திசாலி செய்த வேலை இது? என் வாக்கியங்களின் சந்தம்கூட மாறாமல் பொய்யை எழுதத் தெரிந்தவன் யார்? என்னைப் படித்துப் படித்துப் பழகிய ஒருவரால்தான் அது முடியும். அது நீங்கள் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

“இது நான் எழுதலை, லிபிகா” என்றேன்.

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்க போட்டோ இருக்கே, அபா.”

இரண்டு பேரும் உட்கார்ந்து ஜூலிக்கு எழுதினோம். “வாழ்த்துகள் மேடம்!” என்றாள். அப்போதுதான் லிபிகாவுக்குப் புரிந்தது. பதினாலு பெண்கள், பாய். நெல் அவித்துவிட்டு மாலையில் ஓடிவந்து பந்து போடுகிற பிள்ளைகள். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பாள்?

பிரஸ் பாக்ஸில் பெண்ணுக்கு இடமில்லை என்றவர்களிடம் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். அந்த மனிதரிடம் கேட்கிறேன். யார் மாற்றியது? அந்தப் பக்கத்தை இன்றே எடுங்கள். நான் எழுதியதை அப்படியே போடுங்கள்.

ரெஹ்னுமா


ஷார்ஜா
மார்ச் 29

அன்புள்ள ரெஹ்னு,

நான்தான் மாற்றினேன்.

கிழித்துப் போடாமல் மீதியையும் படி. இந்தத் தளம் யார் காசில் நடக்கிறது என்று வந்த முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. செயலிக்காரனும் தளத்துக்காரனும் ஒரே மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் விசாவுக்கு வாங்கிய கடன், அம்மா, எல்லாம் உனக்குத் தெரியும். என் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. அவர்கள் ஐந்து நட்சத்திரம் கேட்டார்கள். உனக்காகச் சண்டை போட்டு நாலரையாகக் குறைத்தேன்.

பக்கத்தை எடுக்க என்னால் முடியாது. ஆனால் முடிந்ததைச் செய்துவிட்டேன். இன்று காலை உன் பெயரையும் படத்தையும் நீக்கிவிட்டு என் பெயரையும் என் படத்தையும் போட்டுவிட்டேன். இனிமேல் உன்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். வருகிற பழி எனக்கே வரட்டும். உனக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்?

இன்னொன்று. லிபிகாவின் விஷயத்தை மேலே பேசினேன். அந்தப் பெண்களுக்குப் புதுச் சட்டை, கால்காப்பு, மட்டை எல்லாம் தரத் தயாராக இருக்கிறார்கள். சட்டை முதுகில் ‘சோக்காராஜ்’ என்று சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். அவளிடம் பக்குவமாகச் சொல்.

கோபத்தை விடு. எனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

உன்
தௌஹீத்


குல்னா
ஏப்ரல் 7

மதிப்புக்குரிய தௌஹீத் மிர்தா அவர்களுக்கு,

சட்டை விஷயத்தை லிபிகாவிடம் சொன்னேன். பக்குவமாக அல்ல, நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். “எங்க புள்ளைங்க முதுகு என்ன அவனுங்க வீட்டுச் சுவரா?” என்றாள். அதுதான் அவள் பதில்.

நாங்கள் இருவரும் காவல் நிலையம் போனோம். “பந்தயம் கட்டுனதே குத்தம். முதல்ல உங்களத்தான் உள்ள வெக்கணும்” என்றார் அதிகாரி. “வெச்சுக்கோங்க சார், ஆனா என் புகார முதல்ல எழுதிக்கோங்க” என்று லிபிகா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுதிக்கொண்டார். ராஜ்ஷாஹியில் முதல் ஆட்டம் போன சனிக்கிழமை. சாத்கீரா வராததால் எதிரணி ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். பெண்களிடம் நடந்ததை அவளே நின்று சொன்னாள். இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவள் பேச்சை முன்போல் கேட்பதில்லையாம்.

என் பெயரை எடுத்து உங்கள் பெயரைப் போட்டதை எனக்குச் செய்த உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குல்னாவில் என் பெயரைவிட உங்கள் பெயரை நம்புகிறவர்கள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். நேற்று அதே டீக்கடையில் ஒருவர் சொல்கிறார்: “நம்ம மிர்தா பாயே எழுதியிருக்காருப்பா. அவர் பொய் சொல்ல மாட்டாரு.” நீங்கள் என்னைக் காப்பாற்றவில்லை. அடுத்த லிபிகாவைப் பிடிக்க இன்னும் நல்ல தூண்டில் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறேன், இந்த முறை ‘சொடிக்’ தளத்தைப் பற்றி. இங்கே உள்ள நாளிதழ் ஞாயிற்றுக்கிழமை வெளியிடுகிறது. நான் முதலில் எழுதியது, நீங்கள் மாற்றியது, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. என் பெயர் எப்படி அங்கே போனது என்பதும் இருக்கிறது. மாற்றியவர் பெயரும் இருக்கிறது. “சிநேகிதன் பேர விட்டுடலாமேம்மா” என்றார் ஆசிரியர். விடவில்லை.

உங்கள் அம்மாவிடம் இன்று காலை நானே போய்ச் சொன்னேன். அவர் வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பாஸ்போர்ட் பற்றி வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்பில் விசாரித்தேன். அவர்கள் எண்ணைத் தனியே அனுப்பியிருக்கிறேன். அதைக் கூப்பிடுங்கள். கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டுரையில் உங்களைப் பற்றிக் கூறியுள்ளவற்றை மின்னஞ்சலிலும் இன்றே அனுப்பியிருக்கிறேன். உங்கள் தரப்பு விளக்கம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்தால், ஒரு வார்த்தையும் மாற்றாமல் சேர்ப்போம். வராவிட்டால், ‘அவர் பதில் அளிக்கவில்லை’ என்று போடுவோம்.

இப்படிக்கு
ரெஹ்னுமா தாலுக்தார்
விளையாட்டுச் செய்தியாளர், குல்னா