எல்லாருக்கும் தெரிந்திருந்த மருந்து

என் பாசத்துக்குரிய சரசு மதினி,

நீங்க போய் மூணு வருசமாச்சு. அண்ணன் இருக்கான், ஏதோ சாப்பிடுறான். நான் மதுரையில ஆராய்ச்சிப் படிப்புல சேந்துட்டேன். கம்ப்யூட்டர்ல அப்படி என்னத்தடி தட்டுறன்னு கேப்பீகள்ல, இப்பச் சொல்றேன்.

போலீசு, கோர்ட்டு ஒண்ணும் இல்லாத காலத்துல மனுசக் கூட்டம் எப்படிக் கட்டுக்கோப்பா இருந்துச்சுன்னு, கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு கூட்டத்தை உண்டாக்கி ஓட்டிப் பாக்குறேன். திரையில நூறு புள்ளி, ஒவ்வொண்ணும் ஒரு ஆள். நடுவுல ஒரு ஊருணி, குடிக்கிற தண்ணி விசமாப்போச்சு. எல்லாரும் சேந்தாத்தான் அதை மூட முடியும். சேதியைத் தனித்தனியாக் காதுல போட்டா, அடுத்தவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சு அவனவன் சும்மா இருந்து கூட்டமே அழிஞ்சுபோகுது. சபையில வச்சுச் சொன்னா, ஒண்ணா எந்திரிச்சு மூடிருதுக. அதைப் பாத்த அன்னைக்கு, கம்ப்யூட்டரை மூடிட்டு உங்க பட்டாசு ரூமைத்தான் நெனச்சேன்.

கலந்த வெடிமருந்து மிஞ்சினா அன்னைக்கே அழிச்சிரணும். பட்டாசு வேலைக்குப் போற யாருக்குத்தான் அது தெரியாது? தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. அன்னைக்குச் சாயங்காலம் அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னீக, "மிச்ச மருந்தை அழிக்காம எங்க ரூம் மூலையில மூடி வச்சிருக்காக. காலையில போர்மேன்கிட்ட கேக்கப்போறேன்."

நான் என்ன சொன்னேன்? "நீங்க ஒருத்தர் கேட்டா உங்களைத்தான் வேலையைவிட்டு நிப்பாட்டுவாக. பேசாம இருங்க மதினி." நீங்களும் சரின்னுட்டீக. மறுநாள் பத்து மணிக்கு வெடிச்சதுல அந்த ரூமே இல்ல.

உங்ககூட இருந்து தப்பிச்ச பேச்சியக்காவைப் போன வாரம் பாத்தேன். வெந்த கையோட மறுபடி வேலைக்குப் போகுது. "எனக்கும் தெரியும்த்தா. சரசு சிரிச்ச மொகமா உக்காந்திருந்தா. அவளுக்குத் தெரியல போல, நாம எதுக்குக் கெளப்பணும்னு இருந்துட்டேன்"னுச்சு. செத்துப்போன மத்த ரெண்டு பேரும் மிச்ச மருந்து கெடக்குன்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் போயிருக்காக. நாலு பேரும் ஒண்ணா எந்திரிச்சிருந்தா யாரை நிப்பாட்ட முடியும்?

அண்ணன் இன்னமும் உங்களைத்தான் வையிறான். "வாயில்லாப் பூச்சி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல"ங்கிறான். நான் பக்கத்துலயே உக்காந்து சோறு திங்கிறேன்.

ஞாயித்துக்கெழமை உங்க நினைவு நாள். அண்ணன், பேச்சியக்கா, அந்த ரெண்டு வீட்டு ஆளுக, இப்ப வேலைக்குப் போற பொம்பளைக எல்லாரும் வருவாக. அத்தனை பேரு முன்னாடியும் சொல்லப்போறேன், சரசு கேக்கத்தான் இருந்தா, நான்தான் தடுத்தேன்னு. அதுக்கப்புறம் அண்ணன் என்னை வீட்டுக்குள்ள சேப்பானா, தெரியாது. சொல்லிருவேன் மதினி, இது சத்தியம்.

உங்க வாயை அடைச்ச நாத்தனா,
மாரி