சவுலைப் பற்றி மூன்று மாலைகள்

3 ஜூன், செவ்வாய்

மூடுபனி. எதிரே தேயிலை மேடு தெரியவில்லை. ஹீட்டர் மறுபடி கெட்டுவிட்டது. வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றாள் என் மனைவி ரூத். வேண்டாம் என்று பச்சைத் தண்ணீரில் குளித்தேன். கோபத்தோடு இருக்கத்தான் பிடித்திருந்தது.

கமிட்டி முடிவு: வரும் ஞாயிறு, பெந்தெகொஸ்தே பண்டிகை. அன்று ஜோயல் தலையில் நான் கைவைத்து அவனை அடுத்த போதகராக்க வேண்டும். எனக்கு ஓய்வு. “இத்தன வருஷம் ஒழச்சிட்டீங்க பாஸ்டர், இனிமே ரெஸ்ட் எடுங்க லா.” சொன்னது சின்னப்பன் கிராணி. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி ரிட்டயர்டு ஆனவர், இப்போது கமிட்டித் தலைவர். என் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

ஜோயல். கோலா தெர்லா ஊர்த் தோட்டக்காரன் மகன், காவடி எடுக்கிற வீடு. ஞானஸ்நானம் கொடுத்தது நான். பைபிளைக் கையில் கொடுத்ததும் நான். நான் சொல்வது அவனுக்கு வேதவாக்கு. மக்கு. ஆனால் அவன் ஜெபித்தால் சபை அழுகிறது. நான் ஜெபித்தால் கடிகாரம் பார்க்கிறது.

அதற்கு முன் மூன்று மாலை வகுப்பு எடுக்க வேண்டுமாம். ‘இன்றைய சபைத் தலைவர்களுக்கு வேதாகமப் பாடங்கள்.’ கடைசி மரியாதை. யாரை எடுப்பது? மோசே – வேண்டாம், அவனும் யோசுவா தலையில் கைவைத்தவன். ஏலி – கிழவன், குருடன், வேண்டவே வேண்டாம்.

சவுல். தள்ளப்பட்ட ராஜா. சரி.

தன் இடத்துக்கு வரப்போகிற தாவீதின்மேல் பொறாமைப்பட்டு ஈட்டி எறிகிற இடம் மட்டும் விட்டுவிட வேண்டும். அதைத் தொட்டால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

4 ஜூன், புதன்

மழை. வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தேநீரோடு வைத்த கறிபாப் தீர்ந்துபோனது.

முதல் பாடம்: ராஜாவாக்கத் தேடினபோது சவுல் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டான். “பின்னாடி நின்னு நாற்காலி அடுக்குறவங்க எல்லாம் தாழ்மையானவங்க இல்ல” என்றேன். ஜோயல் கையில் அப்போது நாற்காலி. இறக்கி வைப்பதா, தூக்கிக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் நின்றான். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு அது போதும்.

5 ஜூன், வியாழன்

ஹீட்டர்க்காரன் வரவில்லை. பள்ளி விடுமுறை, ரோடெல்லாம் ஜாம் என்று சாக்கு.

போன ஞாயிறு எனக்கும் அதே ஜாம்தான். பிரிஞ்சாங் டவுனில் மாட்டிக்கொண்டேன். வந்து சேர்ந்தால் ஜோயல் ஆராதனையை ஆரம்பித்துவிட்டிருந்தான். கதவில் நின்றேன். ஒருவரும் திரும்பவில்லை.

ஆகவே இரண்டாம் பாடம்: பலி செலுத்த வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேல் வரத் தாமதமானதால் சவுல் தானே பலி செலுத்தினான். “நல்ல எண்ணந்தான். ஜனங்க கலைஞ்சு போறாங்களேன்னு அக்கறைதான். அதுக்குத்தான் ராஜ்யம் போச்சு.” 

ஜோயல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தூக்கினான்.

“பாஸ்டர், அப்ப ஆவியானவர் அவன விட்டுப் போயிட்டாரா?”

“போயிட்டார்.”

“திரும்பி வரவே இல்லையா?”

“இல்ல.”

முகம் வெளுத்துவிட்டது. எனக்கு ராத்திரி நல்ல பசி.

6 ஜூன், வெள்ளி

வெயில். ரூத் கம்பளிகளைக் காயப்போட்டாள்.

மூன்றாம் பாடம்: சவுல் ஜனங்களுக்குப் பயந்தான். கைதட்டலுக்கு ஊழியம் செய்கிறவன் கதி. முடிந்ததும் கிராணி எழுந்தார். “ஈட்டி எறிஞ்சது வரலியே பாஸ்டர்?” நேரம் போதவில்லை என்றேன்.

வீட்டில் ரூத் ஒரே வரி. “உங்களுக்கு நேரமா இல்ல?”  ரசம் உப்பு.

7 ஜூன், சனி

காலையிலேயே ஜோயல். நனைந்து வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீங்க என்னப் பத்திதான் பேசுனீங்கன்னு தெரியும் பாஸ்டர். திட்டுறதுக்கு இல்ல, காப்பாத்துறதுக்கு. நான்தான் சவுலு. நாளைக்கு நான் நிக்கல. கம்போங் ராஜால லோரி வேல இருக்கு.”

சபை என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவன் பேசவில்லை. மனதார நம்பிப் பேசினான். இல்லையடா, நீ சவுல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘தேவசித்தம்’ என்றேன். காலில் விழுந்து எழுந்து போனான். தரையெல்லாம் ஈரம். நானே துடைத்தேன், ரூத் பார்ப்பதற்குள்.

8 ஜூன், பெந்தெகொஸ்தே

கிராணி அழுதார். கமிட்டி அவசரமாகக் கூடி, நீங்களே இருங்கள் என்றது. முடியாது என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டார்கள்.

ஹீட்டர் சரியாகிவிட்டது.

28 ஜூன், சனி

பிரிஞ்சாங் இரவுச் சந்தை. சாயங்காலமே கூட்டம். காரைவிட்டு இறங்காமல் ரூத் பொரியலுக்குக் கேட்ட கோபிஸ் வாங்கலாம் என்று ஓரங்கட்டினால், லோரியிலிருந்து மூட்டை இறக்குகிறான் ஜோயல். இளைத்துவிட்டான். பார்த்ததும் ஓடிவந்தான். இரண்டு கோபிஸ் சன்னல் வழியாகப் போட்டான், காசு வாங்கவில்லை.

பிறகு சன்னலைப் பிடித்துக்கொண்டான்.

“பாஸ்டர், எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. முட்டி போட்டா வாயி கட்டிக்கிது. ஆவியானவர் போயிட்டாருன்னு நெனக்கிறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னு சொல்லுங்க.”

பின்னால் ஹார்ன். அவன் விரலை எடுக்கும்வரை காத்திருந்து கண்ணாடியை ஏற்றினேன்.

வீட்டில் ரூத் கேட்டாள், ஜோயலை எங்கேயாவது பார்த்தீர்களா என்று. “பாத்தேன். சந்தோஷமா இருக்கான்.” சாப்பாட்டுக்கு முன் அவனுக்காக ஜெபியுங்கள் என்றாள். ஜெபித்தேன். தங்குதடை இல்லாமல் வந்தது. ஆமென் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதில் இரண்டு வரி நாளைய ஆராதனைக்கு ஆகும்.