வெள்ளைக் கோட்டும் அம்மாவின் வாய்ப்புண்ணும்

மேல் டிவிசன்,
அக்கரப்பத்தனை.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், நீயும் கொழும்பில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நிற்கிறாள்.

பல் வைத்தியப் படிப்புக்கு உனக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுவிட்ட அன்றைக்கு மண்டபத்தில் எல்லாத் தாய்மாரும் சிரித்துப் படம் எடுத்தார்கள், உன் அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். வெட்கம் என்று நீ கேலி செய்தாய். வெட்கம் இல்லை தனு, அவளால் வாயை அகலத் திறக்க முடியவில்லை. இடது கன்னத்தின் உள்ளே மூன்று மாதமாக ஆறாத புண். உறைப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது, ரொட்டி தின்று எத்தனையோ நாளாகிறது, கஞ்சியைத்தான் கரண்டி நுனியால் விட்டுக்கொள்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை இன்றைக்கு மீறுகிறேன், பாவம் எனக்கே வரட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. போன கிழமை ஓட்டோவையே லயத்து வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தேன், அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். “என் மக பல்லு டொக்டரா இருக்கையில நான் ஏன் கண்டவங்ககிட்ட வாயக் காட்டணும், மொதமொதல்ல அவதான் பாக்கணும்” என்கிறாள். கோட்டுப் போட்ட அன்றே நீ டொக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. இன்னும் படிப்பு முடியவில்லையடி என்றேன், அப்படியென்றால் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிறவர்களில் உன் படத்தை அவள் காட்டாத ஆள் கிடையாது. அந்தப் பெருமையோடு நான் எப்படி மல்லுக்கட்டுவது, நீயே சொல்லு. வெற்றிலையையும் விடவில்லை, மற்றக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். மழையிலும் குளிரிலும் நிற்கிறவளுக்கு அது ஒன்றுதானே ஆறுதல் என்று புகையிலையோடு வாங்கி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். இப்போது அந்த வெற்றிலைப் பையைக் கண்டாலே அதுதான் புண்ணாக்கியதோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை மகளே. படிப்பு கெடும் என்று தெரியும், ஆனாலும் சனிக்கிழமை வந்துவிடு. மழை விடவில்லை, மண் சரிகிற பாதை, பகலிலேயே வந்து சேர். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த வெள்ளைக் கோட்டும் பையில் இருக்கட்டும், அதைப் போட்டுக்கொண்டு நீ கேட்டால்தான் அவள் வாயைத் திறப்பாள். உள்ளே எது தெரிந்தாலும் முகத்தை மட்டும் மாற்றிவிடாதே, அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அன்பு அப்பா,
பொன்னையா