ராண்டின் அம்மா

1953 மார்ச் 9
மழை. மதியம் என் மனைவி அர்லீனின் சினிமா ஏஜென்ட் மோர்ட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். போனில் சொல்ல முடியாத சேதி என்றால்தான் நேரில் வருவார். அவளுக்கு ஸ்டுடியோ அம்மா வேடம் கொடுத்திருக்கிறது. மகனாக நடிப்பது ராண்ட் கோலியர். ஆறு வருஷம் முன்பு ஒரு படத்தில் இருவரும் காதலர்கள். அவளுக்கு முப்பத்தெட்டு, அவனுக்கு முப்பத்துநாலு.

"அன்னிக்குக் காதலி, இன்னிக்கு அம்மா. அடுத்ததுல சுவத்துல தொங்குற போட்டோவா?" என்றாள்.

மோர்ட்டி நிலைமையைச் சொன்னார். மறுத்தால் சம்பளமில்லாமல் உட்கார வைப்பார்கள். ஒப்பந்தம் முடியும்வரை வேறு ஸ்டுடியோவிலும் நடிக்க விடமாட்டார்கள். அதற்குள் நாற்பது வந்துவிடும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 10
கதையைப் படித்து முடித்தாள். வீட்டை விற்கப் போவதாகத் தாய் மகனிடம் சொல்லும் காட்சி ஒன்று. "இந்த ஒண்ணு நல்லாருக்கு, பாழாப்போனது." ஒத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 21
படப்பிடிப்புக்குப் போனேன். அவள் தலையில் நரைக்காக வெள்ளைப் பொடி. ராண்ட் அவளிடம், "என்னைப் பெத்தப்ப உனக்கு நாலு வயசு. கெட்டிக்காரிதான்" என்றான்.

"அப்பவே நீ அழுமூஞ்சி."

வீட்டுக் காட்சி ஒரே தடவையில் முடிந்தது. விளக்குக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஜூன் 18
பாசடீனாவில் முன்னோட்டம். வேறு படத்துக்கு வந்தவர்களுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் புதுப் படத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ராண்ட் "அம்மா" என்று கட்டிக்கொண்டதும் பின்வரிசையில் ஒருத்தன், "போன தடவை வேற மாதிரில்ல கட்டிப் புடிச்ச" என்றான். கொட்டகையே சிரித்தது. வீட்டுக் காட்சியிலும் சிரித்தார்கள். அர்லீன் என் கையை விடவேயில்லை.

ஜூன் 19
வயதான நடிகை ஒருத்தியை வைத்து அர்லீனின் காட்சிகளைத் திரும்ப எடுக்கப் போகிறார்களாம். நடிப்பில் குறையே இல்லையாம் — பின்னே? அவ என்னடா தப்புப் பண்ணினா?

ஜூன் 22
ராண்ட் போன் செய்தான். மேலிடத்தில் சொல்லிவிட்டானாம்: "வேற ஆளோட நடிக்க மாட்டேன். என்னையும் உக்கார வைங்க. இல்லேன்னா அம்மாங்கற இடத்துல எல்லாம் ரூத்துன்னு பேர் சொல்றேன். அவளை, செத்துப்போன என் அண்ணன் பொண்டாட்டின்னு வச்சுக்கங்க."

ஜூலை 8
அப்படியே செய்தார்கள். ஒலிப்பதிவு அறையில் ஒவ்வொரு "அம்மா"வும் "ரூத்" ஆயிற்று. வாய் தெரிகிற இடங்களுக்கு அவன் முதுகைப் படம்பிடித்து ஒட்டினார்கள். நரை மட்டும் மிச்சம். துக்கத்தில் நரைத்தது என்று இருக்கட்டும்.

ஜூலை 30
கிளெண்டேலில் மறுபடி முன்னோட்டம். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக் காட்சியில் பக்கத்து இருக்கைப் பெண் பாப்கார்னை மடியில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அக்டோபர் 14
மோர்ட்டி போன். புது வேடம்.

"யாருக்கு அம்மா?" என்று கேட்டாள் அர்லீன்.

"யாருக்கும் இல்ல. சின்ன ஊர்ல பத்திரிகை நடத்துறவ. அவதான் படமே."

அக்டோபர் 16
இன்று என்னோடு நான் வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். என் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். எங்கள் நிருபர் பயல்கள் கைதட்டினார்கள்.

"நான் அப்படி உக்கார மாட்டேன்" என்றேன்.

"கல்யாணம் ஆனதுலேருந்து பாத்துட்டிருக்கேன்" என்றாள். "தள்ளி நில்லு. வேலையா இருக்கேன்."