எட்டாவது சுற்றும் நௌபரின் பட்டமும்

என் அன்புள்ள சந்திரன் அண்ணே,

நீங்கள் போய் பத்து மாதம் ஆகிறது. போன இடத்திலாவது முழங்கால் வலி இல்லாமல் இருக்கிறீர்களா?

முதலில் வீட்டுச் செய்தி. இரத்தோட்டை கராஜை மூடவில்லை. உங்கள் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணிக்குப் பிரஷர் கொஞ்சம் கூடிக் குறைந்தது, இப்போது பரவாயில்லை. மகள் திவ்யா கண்டியில் வேலைக்குப் போகிறாள், சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். நான் அதே ஸ்கூல் வேன்தான். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விடும்வரை வேன் சீட்டிலேயே சாய்ந்து கிடக்கிறேன். தூக்கம் வருவதில்லை. அசதி மட்டும்தான்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை அண்ணே. ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒவ்வொருவருக்கும் திருத்திச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதி வைத்துவிட்டால் ஒரே மாதிரி இருக்கும் இல்லையா?

போன மாதம் உங்கள் பெயரில் ஒரு பைக் ரேஸ் வைத்தார்கள். நாலந்தாவுக்குப் பக்கத்தில் அதே களிமண் மைதானம்தான். இளம் பிள்ளைகள் ஓடி ஓடி ஏற்பாடு செய்தார்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது திவ்யா. நீங்கள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படத்தைப் பெரிதாக அடித்து, அதற்குக் கீழே ‘பட்டம் பறிக்கப்பட்ட உண்மையான சாம்பியன்’ என்று எழுதியிருந்தாள். அதையே பேஸ்புக்கிலும் போட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால், அண்ணன் முறையில் ‘நானா’ என்று நான் கூப்பிடும் நௌபர் ஒரு வளைவு வித்தியாசத்தில் உங்களிடமிருந்து எப்படிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார், அவருடைய மச்சான் இர்ஷாத் எப்படி என்னை இடித்து விழுத்தினான் என்று முழுக் கதையும் எழுதியிருந்தாள்.

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னது நான்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, என் தோள்பட்டைத் தழும்பைத் தொட்டுத் தொட்டுக் கேட்பாள். நான் சொல்வேன்.

படத்துக்குக் கீழே வந்ததையெல்லாம் வாசித்தேன் அண்ணே. முதலில் உங்களைப் பற்றி நல்ல வார்த்தைகள் வந்தன. பிறகு நௌபர் நானாவைப் பற்றி. பிறகு அவர் குடும்பத்தைப் பற்றி. அப்புறம் ‘அவங்க ஆளுங்களே அப்படித்தான்’ என்று ஒருவன். அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். மாத்தளை டவுனில் அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகக் கூடாது என்று இன்னொருவன்.

அந்தச் சனிக்கிழமை திவ்யா என்னிடம் வந்தாள். “சித்தப்பா, ரேஸ் அன்னைக்கு மைக்ல நீங்கதான் பேசணும். விழுந்தது நீங்கதானே. நீங்க சொன்னா யாரும் மறுத்துப் பேச முடியாது.”

சரி என்று தலையை ஆட்டினேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த வருஷம் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் உங்களுக்கும் நௌபர் நானாவுக்கும் ஒரே புள்ளி. அன்று யார் முன்னால் வந்தாலும் பட்டம் அவருக்கு. நீங்கள் இருவரும் அப்போது ஒரே லொறியில் பைக்குகளை ஏற்றிக்கொண்டு ரேஸுக்குப் போகிறவர்கள். ஒருவரிடம் செயின் இல்லையென்றால் மற்றவர் கழற்றிக் கொடுப்பார். எனக்குப் பத்தொன்பது வயது. கெஞ்சிக் கெஞ்சி உங்களிடம் அனுமதி வாங்கி, நீங்கள் பழைய சாமான்களில் சேர்த்துக் கட்டிக் கொடுத்த பைக்கில் நானும் அன்று ஓடினேன். கடைசி இரண்டு பேராக இர்ஷாத்தும் நானும்.

பத்துச் சுற்று. ஏழு சுற்றும் நௌபர் நானா முன்னால், நீங்கள் அவர் பின்னால். எட்டாவது சுற்றில் நீங்கள் இரண்டு பேரும் என்னை ஒரு முழுச் சுற்று முந்திக்கொண்டு போக வந்துகொண்டிருந்தீர்கள். பைக் ஏறிப் பறக்கிற அந்தப் பெரிய மண்மேடு, ஜம்பு, வருவதற்கு முன்னால் எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. உங்கள் என்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன்.

அவ்வளவுதான் அண்ணே. திரும்பிப் பார்த்தேன். கீழ் வளைவில் நீங்கள் உள்பக்கமாக நுழைந்து நௌபர் நானாவைத் தாண்டுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ஜம்பில் ஏறினேன். முன்சக்கரம் கோணலாக இறங்கியது, வலது தோளில் விழுந்தேன்.

இர்ஷாத் என்னைத் தொடவே இல்லை. அவன் எனக்கு வலது பக்கத்தில், கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தான். நான் விழுந்ததைப் பார்த்து பைக்கை வெட்டித் திருப்பி, ஜம்புக்குக் குறுக்கே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ஜம்புக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவன் மேலே வருகிறவர்களின் கண்ணில் பட மாட்டான். அடுத்ததாக வந்தது நீங்கள்தான். அவன் கை காட்டாமல் இருந்திருந்தால் உங்கள் சக்கரமே என் மேல் இறங்கியிருக்கும்.

சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். நடுவில் நின்றுபோனால் கடைசியாக முழுதாக முடிந்த சுற்றின் வரிசைதான் முடிவு. அது விதி. ஏழாவது சுற்றில் நௌபர் நானா முன்னால். பட்டம் அவருக்குப் போனது.

முதலுதவிக் கூடாரத்துக்கு நீங்கள் ஓடி வந்தீர்கள். முகமெல்லாம் சேறு. என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். “என்னடா ஆச்சு?”

‘உங்களைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பட்டத்தை வேடிக்கை பார்த்தே கெடுத்துவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது? வாயில் வந்தது இதுதான். “இர்ஷாத் இடிச்சிட்டான்.”

நீங்கள் எழுந்து போய் அதிகாரிகளிடம் முறையிட்டீர்கள். கொடி பிடித்தவர் தான் எதையும் பார்க்கவில்லை என்றார். முடிவு மாறவில்லை. நௌபர் நானா உங்களிடம் பேச வந்தார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அன்று தனி லொறியில் வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு ஒரு நட்டு வேண்டுமென்றாலும் தம்புள்ளைக்குத்தான் போனீர்கள், மாத்தளையில் அவர் கடைக்குப் போகவில்லை. இர்ஷாத் அடுத்த வருஷமே ரேஸை விட்டுவிட்டு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஒன்று கேட்க வேண்டும். ஆறேழு வருஷம் கழித்து ஒரு நாள் கராஜில் ஒரு முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: “அவன் வலது பக்கம் வந்து இடிச்சான்னா நீ இடது பக்கம்தானே விழுந்திருக்கணும்?” நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் நட்டைக் கழற்றிக்கொண்டே இருந்தீர்கள். அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவரோடு பேசாமலே இருந்தீர்களா? இதை நினைத்துத்தான் வேன் சீட்டில் தூக்கம் வராமல் கிடக்கிறேன்.

ரேஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது நௌபர் நானாவின் கடைக்குப் போனேன். கடையில் ஆளே இல்லை. அவருக்குத் தாடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்க தம்பி. உக்காருங்க. சந்திரன் மவுத்தான அண்டைக்கி சாவீட்டுக்கு நானும் வந்தேன். கேட் வரைக்கும். உள்ளுக்கு வர மனசு வரல்ல.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது போலிருந்தது. “நானா, இர்ஷாத் என்னை இடிக்கல. நானேதான் விழுந்தேன்.”

அவர் கவுண்டரைத் துடைத்தார். “தெரியும். இர்ஷாத் அண்டைக்கே என்கிட்ட சொன்னான்.”

“அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா யாரு நம்புவா? நீங்க எலும்பு ஒடஞ்சி கெடக்கிறீங்க. கப் என் கையில ஈக்குது. சந்திரன் அவன்ட தம்பிட பேச்ச நம்பினான். அவன்ட எடத்துல நான் ஈந்தாலும் அதத்தான் நம்பியிருப்பேன்.”

பிளேன்டீ வரவழைத்தார். குடித்தேன். அவரிடமே கேட்டேன், அந்தப் பட்டம் அவருக்கு உரியதுதான் என்று அவர் நினைக்கிறாரா என்று.

“சந்திரன் என்னைத் தாண்டிட்டான், அது நெசம். எனக்கு அவன்ட பின்சக்கரம் தெரிஞ்சிச்சி. ஆனா இன்னும் ரெண்டு சுத்துக்கு மேல ஈந்திச்சி. திரும்பப் பிடிச்சிருப்பேனா, இல்லியா? இருபது வருஷமா யோசிக்கிறேன். ஒரு நாளைக்கி பிடிச்சிருப்பேன்னு தோணும், ஒரு நாளைக்கி இல்லன்னு தோணும். விதிப்படி தந்தாங்க, வாங்கினேன். களவெடுக்கல்ல.” பிறகு சொன்னார்: “எனக்குப் பரவாயில்ல தம்பி. இர்ஷாத்ட உம்மாதான் இன்னும் கேக்கிறா, அந்தப் புள்ளய ஏன்டா தள்ளினாய்னு. பெத்த உம்மாவே அவன நம்பல்ல.”

ரேஸ் அன்று நல்ல வெயில். நான் கூப்பிட்டதால் நௌபர் நானாவும் வந்தார். மேடைக்கு வரவில்லை, வாகனங்கள் நிறுத்தும் இடத்திலேயே நின்றார். சிலர் அவரைக் காட்டிப் பேசினார்கள். திவ்யா மைக்கை என் கையில் கொடுத்தாள்.

அதிகம் பேசவில்லை. யாரும் என்னை இடிக்கவில்லை, பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டி நானாகத்தான் விழுந்தேன், இர்ஷாத் என் உயிரைக் காப்பாற்றினான், அண்ணனிடம் நான் பொய் சொன்னேன், நௌபர் நானா நியாயமாகத்தான் வென்றார் என்று சொன்னேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் சிங்கள ஆட்கள். அதனால் எல்லாவற்றையும் சிங்களத்திலும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என்று முன்னால் நின்ற ஒருவர் கேட்டார்.

“இப்பத்தான் சொல்ல முடிஞ்சிச்சு,” என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். திவ்யா என்னைப் பார்க்காமலே போய், உங்கள் படம் போட்ட பேனரின் கயிற்றை அவளாகவே அவிழ்த்து இறக்கினாள். படத்தை வெளியே தெரியாதபடி உள்பக்கமாகச் சுருட்டினாள்.

மறுநாள் அண்ணியிடம் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “இருபது வருஷமா அவர் மாத்தளைக்குப் போனா அந்தக் கடை இருக்க ரோட்டுல போக மாட்டார். சுத்திக்கிட்டுத்தான் போவார். தெரியுமா தம்பி உங்களுக்கு?”

“தெரியும் அண்ணி.”

“தெரியும்,” என்று மட்டும் திருப்பிச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் குடித்து முடித்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திவ்யா எழுதியதை எடுத்துவிட்டாள். கீழே எழுதியவர்கள் வேறு இடத்தில் எழுதுகிறார்கள். என்னை நௌபர் நானா விலைக்கு வாங்கிவிட்டார் என்று ஒரு கதை. செத்துப்போன அண்ணனைக் கேவலப்படுத்திவிட்டேன் என்று இன்னொரு கதை. பஸ் நிலையத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். பொய்யை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அது தானாகவே இருபது வருஷம் ஓடியது. உண்மையைத் தினமும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, மேட்டில் நின்றுபோன பைக் மாதிரி.

மூன்று வாரம் திவ்யா என்னோடு பேசவில்லை. நேற்றுச் சனிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கி வந்து வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுப் பாதை வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

“நீங்க விழாம இருந்திருந்தா, யாரு சித்தப்பா ஜெயிச்சிருப்பா? அப்பாதானே?”

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது அண்ணே. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

“தெரியாதும்மா,” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “தாண்டினதையாவது நெஜமாப் பார்த்தீங்களா?”

“அதைப் பார்த்தேன். அது மட்டும் நிச்சயம்.”

“எப்படித் தாண்டினார்னு சொல்லுங்க,” என்றாள். வேனை ஓரத்தில் நிறுத்தி, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். நீங்கள் உடம்பைச் சாய்த்தது, கால் தரையைத் தொட்டுக்கொண்டு வந்தது, நௌபர் நானா இடம் விடாமல் நெருக்கியது, அந்தச் சின்ன இடைவெளியில் நீங்கள் நுழைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, பார்த்தேன் என்று சொன்னால் பொய் வெளிவந்துவிடுமே.

இர்ஷாத் கட்டாரிலிருந்து பெருநாளுக்கு வருவானாம். நான் அதுவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. அவனுடைய உம்மாவுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். நாளைக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேரே அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். உங்கள் மகன் என்னைத் தள்ளவில்லை, அவன் கையைக் காட்டியதால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன் என்று சொல்வேன். அவர் ஏசினால் நின்று கேட்பேன், அண்ணே. கேட்டு முடிக்காமல் திரும்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
ரவி
இரத்தோட்டை