பூஜைக்குப் பிறகு கட்டிய எட்டு டயர்கள்

அக். 7, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். கும்மிடிப்பூண்டி ரயில் தாமதம். குடையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

நேற்றுப் பயிற்சி ஓட்டத்தில் எங்கள் தொழிற்சாலையின் ரேஸ் டயர் ஒன்று வீங்கிவிட்டதாம். தேசிய சாம்பியன்ஷிப் கார், பின்சக்கரம். ஓட்டிய பெண் மெதுவாக வந்துகொண்டிருந்ததால் தப்பினாள். டயர் இன்று திரும்பி வந்தது. மேலாளர் சேகர் தொடாமலே தீர்ப்பு: “கல்லு குத்தியிருக்கும் சார்.” முதலாளியின் மச்சான். என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது.

வெட்டினேன். கல் இல்லை. டயருக்குள் சுற்றியிருக்கும் எஃகு பெல்ட் அடியிலுள்ள அடுக்கிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்திருக்கிறது. ரப்பர் கிழியவில்லை, ஒட்டவே இல்லை. ஓரத்தில் மஞ்சளாகத் தூள்.

அக். 8, புதன்
டயர் கட்டும் டில்லியைத் தனியே கூப்பிட்டேன். ஆயுத பூஜைக்கு, பெல்ட்டைச் சுற்றிக் கட்டும் டிரம்மில் என்ன வைத்தீர்கள்?

“இன்னா சார், புச்சா கேக்கற? சந்தனம், குங்குமம்தான். எப்பவும் சைடுல வெப்போம். இது புது டிரம்மாச்சே, நடுவுல பெர்சா வெச்சோம்.”

“துடைக்கலையா?”

“ஈரத்துணில தொடச்சோம் சார். பொட்ட முழுசா அழிச்சா ஆவாதுன்னு லைட்டா உட்டுட்டோம்.”

மிச்சச் சந்தனம் பெல்ட்டின் அடியில் ஒட்டியிருக்கிறது; அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. பூஜை முடிந்து அந்த டிரம்மில் முதலில் கட்டியவை எட்டு. எட்டும் ஒரே டீமுக்கு. மிச்சம் ஏழு அவர்களிடம். ஞாயிறு ரேஸ்.

டயரை அனுப்பலாம் என்று போடும் கையெழுத்து என்னுடையது. வழக்கமாக ஒன்றைக் கூடுதலாகக் கட்டச் சொல்லி, வெட்டிப் பார்த்த பிறகுதான் போடுவேன். போன வருடம் ஒரு லாட் டயர்களை அனுப்பாமல் நிறுத்தினேன். சேகர் கேன்டீனில் எல்லோர் முன்பும், “சார் புக்கு நெறைய படிச்சிட்டாரு, அதான் பயம்” என்றான். அனுப்பியும் விட்டான். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கடுப்பில் இம்முறை பார்க்காமலே போட்டேன்.

அக். 9, வியாழன்
சேகரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினான்.

“பூஜையால டயர் போச்சுன்னு சொன்னா ஆளுங்க சும்மா இருப்பாங்களா? ரேஸ் முடியட்டும் சார். அப்புறம், ரிலீஸ்ல இருக்கறது உங்க கையெழுத்து. ஞாபகம் இருக்கட்டும்.”

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மனைவி: “இன்னாத்துக்கு பாதில எய்ந்துட்ட? சுகர் பாத்தியா?”

அக். 10, வெள்ளி
மழை இல்லை. புழுக்கம்.

இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட் கழன்றால் ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை. தெரியும். படித்ததே அதுதான்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். காலையில் பல் துலக்கும்போது ஒரு நினைப்பு: வெடிக்கட்டும், சேகர் ஒழிவான். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். டயரைவிட இது பயமாக இருக்கிறது.

டெலிவரி சீட்டில் டீம் மெக்கானிக் நம்பர். காலை பதினொரு மணிக்கு போன் போட்டேன், மணி அடிக்குமுன் துண்டித்தேன். மறுபடி. மறுபடி. பன்னிரண்டரைக்கு விட்டுவிட்டேன்.

அக். 11, சனி
லீவு சொல்லவில்லை. ரயில், பிறகு இரண்டு பஸ். ரேஸ் டிராக்கில் பத்து மணி. பெட்ரோல் வாடை, காது கிழியும் சத்தம். மெக்கானிக்கிடம் நேராகச் சொன்னேன்: ஏழையும் கழற்றுங்கள், நான் வெட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன்.

அவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். “உன் ஊட்டுப் பொண்ண இதுல ஒக்கார வெப்பியாயா?” பிறகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டீம்காரர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். சேகர் பெயரையும் போட்டேன், அவன் சொன்னதைச் சொன்னபடி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, கூட்ட ஆசை.

ஓட்டும் பெண் வந்தாள். இருபத்து மூன்று இருக்கும். கழற்றிய டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் ரப்பர் விரலோடு உள்ளே அமுங்கியது.

“நேத்து இதுலதான் சார் முப்பது ரவுண்டு போனேன்.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“பதினொன்னுல இருந்து பன்னெண்டரை.”