மிஞ்சிய ஒரு நொடி

அன்புள்ள சிவசங்கரி,

இத்தனை நாள் வாய்மூடி இருந்தது போதும். நீயும் பிள்ளைகளும் நலந்தானே? மூணாறில் நான் நலம்.

எஸ்டேட் மேனேஜரின் கார் ஜீப்பை இடித்ததற்குச் சாட்சியாகப் போலீஸ் கேட்ட வீடியோவில், கார் வரும் எட்டு நொடியை வெட்டச் சொன்னான் டிஜோ. என்னிடம் தொழில் படித்தவன், இன்று நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் முதலாளி.

"அண்ணே, மவுசுல இழுக்காதீங்க. நேரத்த டைப் பண்ணுங்க, நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!" என்று சிரித்தான்.

எட்டுக்குப் பதில் ஏழு என்று தட்டினேன். மிஞ்சிய நொடியில் கார் நம்பர் தெளிவாகத் தெரிகிறது. வீடியோ போலீசுக்குப் போய்விட்டது. பழியைச் சுமக்கவிருந்த ஜீப் டிரைவர் பெரியமுத்து தப்பிவிடுவான். கை தவறியதா என்று மட்டும் கேட்காதே.

வாசலில் வண்டி நின்றாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். இங்கே குளிர் அதிகம், ஸ்வெட்டர் அனுப்பு; ஸ்டுடியோ விலாசத்துக்கு வேண்டாம், நான் தங்கும் அறைக்கு அனுப்பு. போனில் இதைப் பேசாதே.

என் எழுத்து உனக்குத் தெரியும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.